ஹக்கோனே வெந்நீரும் என் சம்பந்தியம்மாவும்

வெந்நீரில் குளிக்க யாராவது 90 கிலோமீட்டர் போவார்களா? நம் வீட்டில் கீசர் இருக்கிறது. அது கெட்டுப்போனால் அடுப்பும் தவலையும் இருக்கின்றன. தலையைத் துவட்டிக்கொண்டே சாம்பாருக்குத் தாளிக்கப் போய்விடுகிறோம். ஜப்பானியப் பெண்மணிகளோ வெந்நீர் ஊற்றுக்குப் போய்வருவதை நாம் திருச்செந்தூர் போய்வருவதுபோலப் பேசுகிறார்கள். 'போன மாசம் போனேன், அடுத்த மாசமும் போகணும்' என்று சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடுகிறது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் தண்ணீரில் என்று பார்க்க எனக்கும் ஒரு நாள் வாய்த்தது. டோக்கியோவுக்குத் தென்மேற்கே ஹக்கோனே என்ற மலைவாசஸ்தலம். கைடு வைத்த பஸ். துணைக்கு என் சம்பந்தியம்மா.

முதலில் நாங்கள் இருவரும் ஜப்பானில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். என் பெண்ணும் மாப்பிள்ளையும் டோக்கியோவின் கிழக்கே எடோகாவா வட்டாரத்தில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் ஊர்க் குடும்பங்கள் அங்கே நிறைய. 2024 செப்டம்பரில் பெண்ணுக்குப் பிரசவம். சுக்கும் திப்பிலியும் காயமும் மூட்டை கட்டிக்கொண்டு நான் போனேன். ஒரு மாதம் கழித்து சம்பந்தியம்மா பேரனைப் பார்க்க வந்தார். அவருக்குத் தூத்துக்குடி, எங்களுக்குத் தென்காசி. எங்கள் பக்கத்தில் சம்பந்திகள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர்.

இரண்டே அறை உள்ள வீட்டில் இரண்டு சம்பந்திகள்! பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா கூடாதா, உரை மருந்து கொடுக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் தினம் ஒரு பட்டிமன்றம். சத்தம் போட்டெல்லாம் இல்லை, மரியாதையோடுதான். ஆனால் மரியாதையான சண்டைதான் வீட்டில் இருப்பவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமைக்கு என் பெண்ணே இரண்டு டிக்கெட் வாங்கி வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா, அவங்களுக்கு முட்டு வலிக்கு நல்லது" என்றாள். யாருக்கு நல்லது என்று எனக்குப் புரிந்தது.

காலை எட்டு மணிக்கு பஸ். முப்பது பேர் இருப்போம். பாதிப்பேர் ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ் என்று பல தேசத்தவர்கள். கைடு ஐம்பது வயதிருக்கும் ஒரு ஜப்பானிய அம்மாள். கையில் சின்ன மஞ்சள் கொடி, நிதானமான இங்கிலீஷ். மதினிக்கு இங்கிலீஷ் வராது. அந்த அம்மாள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஹக்கோனே முழுக்க ஓர் எரிமலையின் வாய்க்குள் இருக்கும் ஊர். மழைநீர் பூமிக்குள் இறங்கி, அங்கே உள்ள சூட்டில் கொதித்து, உப்பும் கந்தகமும் கலந்து மேலே வருகிறது. இதற்கு ஒன்சென் என்று பெயர். ஜப்பானில் 1948-ல் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சட்டம் சொல்லும் தாதுக்களில் ஏதாவது ஒன்று போதுமான அளவு இருக்கவேண்டும். வெறும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒன்சென் என்று போர்டு மாட்ட முடியாது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, யார் யார் இறங்கக் கூடாது என்று குளிக்கும் இடத்திலேயே எழுதி மாட்டவும் வேண்டும். "நம்மூர்ல குடிக்கற தண்ணிக்கே இவ்வளவு எழுதி ஒட்ட மாட்டான்" என்றார் மதினி.

பிறகு குளிக்கும் விதிகளைச் சொன்னாள் அந்த அம்மாள். துணி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. (இதை நான் மொழிபெயர்த்ததும் மதினி, "என்னது?" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.) ஆண்களுக்கு வேறு இடம், பெண்களுக்கு வேறு இடம். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிக்கவேண்டும். உடம்பில் நுரை ஒட்டாமல் கழுவின பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, சும்மா உட்கார்ந்திருக்க. கூந்தலை முடிந்துகொள்ளவேண்டும். கையில் கொடுக்கும் சின்னத் துண்டு தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் அனுமதி இல்லை. வெள்ளி நகை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்தாமல், உயர்த்தவும் செய்யாமல், நேரம் சொல்வதுபோல ஒன்று சொன்னாள். மார்பில் அறுவை செய்துகொண்ட பெண்கள் யாராவது இருந்தால், தழும்பை மறைக்க மெல்லிய குளியல் மேலாடை விடுதியில் தருவார்கள். என்னிடம் தனியாகச் சொன்னால் போதும். 2012-லிருந்து ஜப்பானில் இப்படிப்பட்ட பெண்களை வரவேற்கும் விடுதிகள் பல சேர்ந்து ஒரு கூட்டமைப்பே வைத்திருக்கின்றன என்றாள்.

"இப்ப என்ன சொல்லுதா?" என்றார் மதினி.

"வழுக்குமாம், பாத்து நடக்கணுமாம்" என்றேன்.

2018-ல் எனக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 52. குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது; நிலக்கடலை அளவுதான், வலி கிடையாது. மதுரையில் காண்பித்து, மூன்று வாரத்தில் ஆபரேஷன், பிறகு மருந்து ஏற்றினார்கள், பிறகு கதிர் சிகிச்சை. பெண்ணுக்குக் கல்யாணமாகி எட்டே மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையிடம் அவளே உடனே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் மதினி வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அம்மாவுக்கு வந்தால் பெண்ணுக்கும் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா? புதுப்பெண்ணாகப் போன இடத்தில் அந்தப் பேச்சு அவள் பின்னாலேயே போகும் என்று பயந்தார்கள். முடி கொட்டியதற்கு டைஃபாய்டு என்றோம். முடியும் வளர்ந்துவிட்டது. ஆறு வருஷம் ஓடிவிட்டது. உள்ளே வைத்துத் தைத்த ரவிக்கை போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அந்த பஸ்ஸில் நான் போட்ட கணக்கு இதுதான்: மதினி குளிக்கப் போகட்டும், நான் தலைவலி என்று சொல்லிக் காலை மட்டும் வெந்நீரில் நனைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிடுகிறேன்.

ஹக்கோனேயில் முதலில் எங்களை இறக்கிய இடம் ஒரு பழைய சோதனைச் சாவடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஆஷி என்ற ஏரிக்கரையில், எடோவிலிருந்து (டோக்கியோவுக்கு அப்போது அதுதான் பெயர்) கியோத்தோவுக்குப் போகும் ராஜபாட்டையில், 1619-ல் ஏற்படுத்தியது. 1869 வரை இருந்து, பிறகு கலைத்துவிட்டார்கள். இப்போது பார்ப்பது பழையபடியே திருப்பிக் கட்டியது. 2007-ல் முழுவதும் திறந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஒரு விஷயத்தைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்களாம்: எடோவிலிருந்து வெளியே போகும் பெண். குறுநில மன்னர்களின் மனைவிமாரையும் பிள்ளைகளையும் எடோவிலேயே பிணையாக வைத்திருந்தது அரசாங்கம். அவர்கள் தப்பிப் போய்விட்டால் புருஷன்மார் கலகம் செய்வார்கள் என்று பயம். அதனால் வெளியே போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி அனுமதிச் சீட்டு. எங்கிருந்து எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், முடி வெட்டிக்கொண்டவளா, துறவியா என்று எல்லாம் அதில் இருக்கும். சீட்டில் எழுதியிருப்பதும் ஆளும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு பெண்ணையே வேலைக்கு வைத்திருந்தார்கள். அவள் பயணியின் கொண்டையை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்ப்பாளாம்.

மதினி சிறிது நேரம் பேசாமல் அந்த இடத்தைப் பார்த்தார். "பொம்பளைய சோதிக்கப் பொம்பளையவே வச்சிருக்கான், பாத்தீங்களா மதினி. எங்க அம்மாவப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க ஆச்சி சடையப் பிடிச்சு இழுத்துப் பாத்தாளாம், சவுரியான்னு" என்றார். நான் சிரித்தேன். வயிற்றுக்குள் என்னவோ புரண்டது.

அங்கிருந்து ஏரியில் கப்பல் சவாரி. கடற்கொள்ளைக்காரர் கப்பல்போல அலங்காரம் செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குக் குளிர். கரையில் இறங்கி ரோப்வேயில் ஏறினோம். மேலே போகப் போக ஒரு பக்கம் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள். இன்னொரு பக்கம் திடீரென்று ஃபூஜி மலை. 3,776 மீட்டர். அந்த வருஷம் நவம்பர் 7-ந்தேதிதான் அதன் உச்சியில் முதல் பனியைப் பார்த்ததாகக் குறித்தார்களாம். 1894-ல் குறித்து வைக்க ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு தாமதமானதில்லை என்று கைடு அம்மாள் சொன்னாள். மதினி இரண்டு கையையும் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். மலையைக் கண்டால் கும்பிடத்தானே தோன்றும்!

அடுத்து ஓவாக்குதானி. சுமார் 3,000 வருஷத்துக்கு முன் எரிமலை வெடித்த இடம். மரம் செடி இல்லாமல் மலை புண்ணாகிக் கிடக்கிறது, அதிலிருந்து புகை புகையாக நீராவி வருகிறது. 2015-ல் இங்கே சிறிதாக ஒரு வெடிப்பு ஏற்பட்டு, அடுத்த வருஷம்தான் மறுபடி ஜனங்களை விட்டார்கள். கந்தக வாடை, அழுகின முட்டை வாடை. ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் இங்கே நிற்கக் கூடாது என்று எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு போகும் இளம் தாய்மார்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழகான இடம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். இந்த நீராவியை வீணாக்காமல், அதனுள் நல்ல தண்ணீரைச் செலுத்தி வெந்நீராக்கிக் குழாய்வழியாகக் கீழே உள்ள விடுதிகளுக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் குளிக்கப்போவதும் அந்தத் தண்ணீர்தான்.

இங்கே பிரசித்தம் கறுப்பு முட்டை. சாதாரணக் கோழி முட்டையை ஊற்று நீரில் வேகவைக்கிறார்கள். நீரில் உள்ள இரும்பு ஓட்டில் ஒட்டி, கந்தக வாயுவோடு சேர்ந்து ஓடு கரி மாதிரி கறுத்துவிடுகிறது. உரித்தால் உள்ளே வழக்கம்போல வெள்ளைதான். ஒன்று சாப்பிட்டால் ஆயுள் ஏழு வருஷம் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள்.

மதினியும் நாங்களும் சைவம். இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டுதான் போயிருந்தோம். (அங்கே காய்கறிச் சாறு என்று கொடுப்பதில்கூட மீன் சாறு கலந்திருக்கும்.) ஆனால் மருந்து ஏற்றிய மாதங்களில் என் உடம்பு கிழிந்த துணியாகிப்போனபோது, புரதம் வேண்டும், முட்டையாவது சாப்பிடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அது பழக்கம். ஆஸ்திரேலியப் பெண் ஒருத்தி தன் பொட்டலத்திலிருந்து ஒன்றை நீட்டினாள். ஏழு வருஷம் என்று அவள் சொல்லிச் சிரித்ததும் என் கை தானாக நீண்டுவிட்டது.

"மதினி! முட்டையா சாப்பிடுதீங்க?"

"டாக்டர் சொன்னாரு மதினி. உடம்பு முடியாம இருந்தப்ப."

"எப்ப முடியாம இருந்தீங்க? அந்த டைஃபாய்டு வந்தப்பவா?"

நான் முட்டையை மென்றுகொண்டிருந்தேன். அதுவரைக்கும் சௌகரியம்.

பிறகு கோரா என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. செருப்பை வாசலிலேயே கழற்றவேண்டும். அது நமக்குப் பழக்கம்தான். பெண்கள் பக்கத்தில் சிவப்புத் திரை. தனியாகக் குடும்பத்துக்கென்று வாடகைக்கு விடும் சின்னக் குளியலறைகளும் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், அன்றைக்கு எதுவும் காலியில்லை.

சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் கைடு அம்மாள் எங்களுக்குப் படித்துச் சொன்னாள். காய்ச்சல் இருந்தால் கூடாது. இருதய நோய் கடுமையாக இருந்தால் கூடாது. முற்றிய புற்றுநோயாலோ ரத்தசோகையாலோ உடம்பு மிகவும் தளர்ந்திருந்தால் கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பொதுத் தடை முன்பு இருந்ததாம், 2014-ல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் முதல் மூன்று மாதத்தில் உடம்புச் சூடு ஏறும்படி வெந்நீரில் ஊறுவது நல்லதல்ல என்றுதான் நம் டாக்டர்கள் சொல்கிறார்கள். சாப்பிட்ட உடனே இறங்காதீர்கள், இறங்குமுன்னும் ஏறின பிறகும் தண்ணீர் குடியுங்கள், 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், எழுந்திருக்கும்போது மெள்ள எழுந்திருங்கள் என்றாள். குளிர்காலத்தில் வயதானவர்கள் வீட்டு வெந்நீர்த் தொட்டியிலேயே மயங்கி முழுகிப்போவது அந்த நாட்டில் அடிக்கடி நடப்பதால், அரசாங்கமே இப்படி அறிவுரை சொல்கிறதாம்.

தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி முந்திக்கொண்டார். "ஏ யம்மா, என்னால முடியாது மதினி. குத்தாலத்துல சேலையோட நின்னு குளிச்சவ நான். நான் காலு மட்டும் நனைக்கேன், நீங்க போங்க."

அப்போது எங்களைக் கடந்து ஒரு கிழவி போனாள். எண்பது வயதுக்குக் குறையாது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. துணியை மடித்துக் கூடையில் வைத்துவிட்டு, தலையில் சின்னத் துண்டோடு, நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போவதுபோல நடந்து போனாள். வயிற்றில் குறுக்கே ஒரு பழைய தழும்பு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை.

மதினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க யாரு யாரைப் பாக்கா! என் முட்டு வலிக்கு இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று முனகிக்கொண்டே சேலைக் கொசுவத்தை உருவ ஆரம்பித்துவிட்டார். "மெட்டியை மட்டும் கழட்ட மாட்டேன். கறுத்தா கறுக்கட்டும்."

நான் கைடு அம்மாளிடம் போய் நின்றேன். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே இருந்தது தோலின் நிறத்தில் மெல்லிய ஒரு மேலாடை. கழுத்தில் மாட்டினால் முன்பக்கம் மட்டும் மறையும், முதுகு திறந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சி ஊறாத துணி. சோப்பு நுரை போகக் கழுவிவிட்டு அதோடு தொட்டியில் இறங்கலாம்.

மூலையில் திரும்பி நின்று அதை மாட்டிக்கொண்டு போனால், குளிக்கும் இடத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை இதுதான்: "உங்களுக்கு மட்டும் துணி குடுத்தாளா! எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க மதினி, இங்கிலீசு தெரிஞ்சா எல்லாம் நடக்குது!"

இதற்கு என்ன பொய் சொல்வது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "இது எல்லாருக்கும் குடுக்கறதில்ல மதினி. மார்பு எடுத்தவங்களுக்குத்தான்" என்றேன்.

குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மதினி அதை நிறுத்தவில்லை. "எப்ப?" என்றார். 2018 என்றேன். "அப்ப அது டைஃபாய்டு இல்ல." இல்லை என்றேன். "ஆறு வருஷமா எனக்குச் சொல்லணும்னு உங்க யாருக்கும் தோணலை." அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து நான் சோப்பை எடுத்தேன். இருவரும் பேசாமல் தேய்த்துக்கொண்டோம். பஸ்ஸில் திரும்பும் இரண்டு மணி நேரமும், வீட்டில் இனி இருக்கப்போகும் மூன்று வாரமும் என் கண்முன் வந்து நின்றன.

முதுகில் ஒரு துண்டு பட்டது. மதினிதான். எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்று, எண்ணெய் தேய்த்த பிள்ளைக்குச் சீயக்காய் போடுவதுபோல அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம்?" இடது. "கை தூக்க வருதா?" வரும், கனம் தூக்கக் கூடாது. "அன்னைக்கு அரிசி மூட்டையத் தூக்காம நின்னீங்களே, சோம்பேறின்னு நெனச்சேன்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார்.

தொட்டி வெளியே, திறந்த வானத்துக்குக் கீழே, கல் பாவியது. தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுப்பு; இறங்கி உட்கார்ந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. மேலே குளிர்காற்று, கீழே சூடு. அந்த சுகத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. இடது கையை மட்டும் கரைக்கல்லின் மேல் எடுத்து வைத்துக்கொண்டேன். அக்குளில் நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்க வாய்ப்புண்டு, அதிகச் சூடு வீக்கத்தைக் கூட்டலாம். கதிர் சிகிச்சை செய்த தோலும் சூடு தாங்காது. என்னைப்போல உள்ளவர்கள் வெந்நீர் ஊற்றுக்குப் போகுமுன் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். நான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரவில்லை.

அந்த ஐந்து நிமிஷத்துக்குள் மதினி கேட்டார். கேட்பார் என்று ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாரும் பயந்த அதே கேள்வி. "பிள்ளைக்கு வருமா?" பிள்ளை என்றது என் பெண்ணை.

டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். நூறு பேருக்கு வந்தால் அதில் 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரையாக வரும் குறை காரணம். தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருந்தால், மற்றவர்களைவிட வாய்ப்பு இரண்டு மடங்கு என்பார்கள். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. எங்கள் வம்சத்தில் வேறு யாருக்கும் இல்லை. அவள் டாக்டரிடம் பேசியிருக்கிறாள், எந்த வயதிலிருந்து படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்வார். ஜப்பானில் 40 வயதான பெண்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊராட்சியே மார்புப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறது.

"பாலு குடுக்காளே, அதுல ஒண்ணும் இல்லையே?"

"அது நல்லது மதினி. பால் குடுக்கறது இந்த நோய் வாய்ப்பைக் குறைக்கும்."

"அப்ப ரெண்டு வயசு வரைக்கும் குடுக்கச் சொல்லணும்" என்றார் மதினி. அதுவரை தாய்ப்பாலோடு மாவுப்பாலும் சேர்க்கவேண்டும் என்று என்னோடு வாதாடிக்கொண்டிருந்தவர்! கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு 63 ஆச்சு. ஒரு தடவகூட யாரும் பாக்கச் சொன்னதில்ல" என்றார். வளைந்த முதுகுக் கிழவி எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் இடைவிடாமல் என்ன பாஷையில் பேசுகிறார்கள் என்று அவள் நினைத்திருக்கலாம்.

முட்டு வலி? அன்றைக்கு இரவு மதினி மாடிப்படியில் பிடிமானமில்லாமல் ஏறினார். மறுநாள் காலை வலி வழக்கம்போல வந்துவிட்டது. வெந்நீரின் சூடு தசையை இளக்கி வலியைத் தற்காலிகமாகத் தணிக்கிறது, தேய்ந்த மூட்டை வளர்க்காது. ஆயுள் கூடும், தோல் இளமையாகும் என்பதெல்லாம் விடுதிக்காரர்களின் விளம்பரம் என்பது என் அபிப்பிராயம்.

மெட்டி சொன்னபடியே கறுத்துவிட்டது. பஸ்ஸில் வழி முழுதும் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பெண் ஒரு வழி செய்தாள். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் மெட்டி படும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைத் தூவி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாள். சில நிமிஷத்தில் வெள்ளி பளபளவென்று வந்துவிட்டது. வெள்ளிமேல் படிந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடுகிறதாம். வெள்ளி விளக்கு, குங்குமச் சிமிழுக்கும் இதைச் செய்யலாம். கல் பதித்ததையும் அரக்கு வைத்ததையும் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று மதினியைக் கேட்டேன். "என் பேரைப் போடாதீங்க. மெட்டி சோடாவைக் கண்டிப்பாப் போடுங்க" என்றார்.

அவர் டிசம்பரில் ஊர் திரும்பினார். ஜனவரியில் பொங்கலுக்கு மறுநாள் போன். தூத்துக்குடியிலேயே போய்ப் பரிசோதனை செய்துகொண்டாராம். தன் இளைய ஓர்ப்படியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இருவருக்கும் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. "ஆனா ஒண்ணு மதினி, அந்த மெசின்ல வச்சு அந்த அமுக்கு அமுக்குதாளே! எல்லாத்தையும் இங்கிலீசுலேருந்து தமிழ்ல சொன்னீங்க, அதை மட்டும் சொல்லவே இல்லியே!"